சொந்த வரைபடத்தில் தூர ரூட் விழவில்லை: சென்னை–மதுரை (ஜிபிஎஸ்மேப் 64எஸ், எம்கேஜிமேப்)

1. தடம்77

கருவி கார்மின் நிறுவனத்தின் கையடக்க ஜிபிஎஸ்மேப் 64எஸ். ஜியோஃபாப்ரிக் தளத்தில் கிடைக்கும் இந்தியா தெற்கு மண்டல ஓஎஸ்எம் (ஓபன்ஸ்ட்ரீட்மேப் பொது வரைபடத் தரவு) கோப்பை ஸ்ப்ளிட்டர் நிரலில் டைல்களாக (துண்டுகளாக) வெட்டி, அதைக் கார்மின் வரைபடமாக்கும் எம்கேஜிமேப் நிரலில் ரூட் விருப்பத்தோடு கட்டினேன். ஸ்டைல் (எந்தச் சாலையை வரைபடத்தில் எப்படி எடுப்பது என்ற விதிக் கோப்புகள்) நானே மாற்றியது. அதே கார்டில் உயரக்கோட்டு வரைபடம் ஒன்றும் தனிக் கோப்பாக இருக்கிறது.

தாம்பரம்–விழுப்புரம் உடனே வருகிறது. மதுரை–கன்னியாகுமரி (சுமார் 245 கி.மீ.) வருகிறது. சென்னை–திருச்சி வருகிறது, ஆனால் நாற்கரச் சாலையை விட்டு எங்கெங்கோ மாநிலச் சாலைகளில் சுற்றுகிறது. சென்னை–மதுரை கேட்டால் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்து, கடைசியில் பிழைச் செய்தியோடு நின்றுவிடுகிறது. கணினியில் கார்மினின் பேஸ்கேம்ப் நிரலில் இதே வரைபடத்தில் சென்னை–மதுரை வருகிறது, விழுப்புரம் தாண்டி ஓரிடத்தில் மட்டும் தேவையில்லாத சுற்று.

கருவியில் வாகனம் கார், குறைந்த நேரம், டோல் தவிர்க்கவும் என்று வைத்திருக்கிறேன். டைலைச் சின்னதாக்கினால் சரியாகுமா?

2. கணுமுனை

டைலை இப்போதைக்குத் தொடாதீர்கள். தூரம்தான் காரணம் என்றால் 245 கி.மீ. வந்திருக்காது. சென்னைக்கும் மதுரைக்கும் நடுவே எங்கேயோ வலை அறுந்திருக்கிறது. பேஸ்கேம்ப் சுற்றிப் போகிற இடம்தான் முதல் தடயம்.

கருவி ரூட் தேடும் விதத்தை மனதில் வைத்தால் மீதி எளிது. கார்மின் வரைபடத்தில் ஒவ்வொரு சாலைக்கும் 0 முதல் 4 வரை ரோடு கிளாஸ் (சாலையின் முக்கியத்துவம், 4 மிகப் பெரியது), 0 முதல் 7 வரை ரோடு ஸ்பீடு (வேகப் படி). புறப்படும் இடத்தைச் சுற்றியும் சேரும் இடத்தைச் சுற்றியும் எல்லாச் சாலைகளையும் கருவி பார்க்கும். அங்கிருந்து விலக விலகச் சின்னச் சாலைகளைக் கைவிட்டு, நடுவில் பெரிய கிளாஸ் சாலைகளை மட்டும் வைத்து இரண்டு முனைகளையும் கோக்கப் பார்க்கும். கையடக்கக் கருவியின் செயலிக்கும் நினைவகத்துக்கும் வேறு வழி கிடையாது. ஆகவே உங்கள் 4-ஆம் கிளாஸ் சாலைகள், கீழே உள்ள எதன் உதவியும் இல்லாமல், தாமாகவே ஒரே வலையாக இருக்க வேண்டும். நடுவில் 200 மீட்டர் கிளாஸ் 0 இருந்தால்கூடக் கருவிக்கு அது பாலம் இல்லாத ஆறு. கணினிக்கு நினைவகம் தாராளம் என்பதால் பேஸ்கேம்ப் எப்படியோ சுற்றிக் கடந்துவிடுகிறது. பேஸ்கேம்ப்பில் வந்தால் கருவியிலும் வரும் என்று நம்பாதீர்கள்.

முதலில் தரவா, வரைபடமா என்று பிரித்துவிடுவோம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்திலேயே திசை கேட்கும் வசதி உண்டு. அதில் உள்ள ஓஎஸ்ஆர்எம், கிராஃப்ஹாப்பர், வால்ஹல்லா என்ற மூன்று ரூட் நிரல்களிலும் சென்னை–மதுரை கேளுங்கள். அங்கே நேராக வந்தால் ஓஎஸ்எம் தரவில் இணைப்பு இருக்கிறது. குற்றம் உங்கள் ஸ்டைலிலோ கட்டும் முறையிலோ. அங்கேயும் அதே இடத்தில் சுற்றினால் தரவில் ஓட்டை.

அடுத்து கருவியில் விழுப்புரம்–திருச்சி, திருச்சி–மதுரை என்று துண்டு துண்டாகக் கேளுங்கள். எந்தத் துண்டு விழுகிறதோ அதைப் பாதியாக்கி மறுபடி. நாலைந்து முறையில் 10 கி.மீ. அளவுக்கு இடம் குறுகிவிடும்.

3. ஓரச்சாலை

அதுக்கும் முன்னாடி ஒண்ணு. டோல் தவிர்க்கவும்னு வச்சிருக்கீங்களே, அதை எடுத்துடுங்க சார். திண்டிவனம்–விழுப்புரம் தேசிய நெடுஞ்சாலை 132, விழுப்புரத்துலேர்ந்து திருச்சி வழியா மதுரைக்கு 38, மதுரைக்குத் தெற்கே 44. இந்த நாற்கரச் சாலைகள்ல டோல் இல்லாத நீளமே கம்மி. ஸ்டைல்ல டோல் டேக்கை (ஓஎஸ்எம்-ல போடுற குறிச்சொல்லை) ஒழுங்கா எம்கேஜிமேப்புக்குக் கொடுத்திருந்தா, கருவி அந்தச் சாலைகளைத் தள்ளி வச்சுட்டுத்தான் தேடும். அப்புறம் திருச்சிக்கு மாநிலச் சாலையில சுத்துறதுல ஆச்சரியம் இல்லை, நீங்க கேட்டதைத்தான் அது செய்யுது.

அதே பக்கத்துல நெடுஞ்சாலை தவிர்க்கவும், மண்சாலை தவிர்க்கவும், யூ-டர்ன் தவிர்க்கவும் எல்லாத்தையும் எடுத்துட்டுச் சோதிங்க. ரூட் விழுந்தப்புறம் ஒவ்வொண்ணா திரும்பப் போடலாம். நம்ம நாற்கரச் சாலையில எதிர்ப்பக்கம் போகணும்னா நடுத்திட்டு இடைவெளியில திரும்பித்தான் ஆகணும், அதனால யூ-டர்ன் தடை சில இடத்துல பல கி.மீ. கூட்டிடும்.

இன்னொண்ணு, வாகனம் கார்னு இருக்கிறப்ப ரூட் வரலைன்னா, நடைன்னு மாத்தி அதே துண்டைக் கேட்டுப் பாருங்க. நடைக்கு வந்து காருக்கு வரலைன்னா, இணைப்பு இருக்கு, அனுமதிதான் மறிக்குதுன்னு அர்த்தம். அதுல ஒருவழியும் சேரும்.

4. தடம்77

டோல் தடையை எடுத்ததும் சென்னை–திருச்சி நேராக வந்துவிட்டது என்று நினைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் நடுவே ஒரு துண்டு மட்டும் இன்னும் சுற்றுகிறது. சென்னை–மதுரை பழையபடியே பிழை. ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் மூன்றிலும் நேராக வருகிறது.

என் ஸ்டைலில் (ஓஎஸ்எம் சாலை வகைகள், பெரியதிலிருந்து சின்னதுக்கு; லிங்க் என்பது அந்தச் சாலையில் ஏறி இறங்கும் இணைப்புச் சாலை): மோட்டார்வே கிளாஸ் 4, டிரங்க் 4, டிரங்க் லிங்க் 1, பிரைமரி 3, பிரைமரி லிங்க் 1, செகண்டரி 2, டெர்ஷியரி 1, மீதி எல்லாம் 0. கட்டுமானத்தில் உள்ள சாலை வெறும் புள்ளிக்கோடு, ரூட் கிடையாது. பேரியர் (தடுப்பு) டேக் உள்ள எல்லா நோடுக்கும் (வரைபடப் புள்ளிக்கும்) காருக்கு அனுமதி இல்லை என்று ஒரு வரி.

5. கணுமுனை

நீங்கள் எழுதியதிலேயே மூன்று இடம் தெரிகிறது.

லிங்க் சாலைகள். இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் மேம்பாலத்தில் சந்திக்கும் இடத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இறங்க லிங்க்தான் வழி. அது கிளாஸ் 1 என்றால் உங்கள் 4-ஆம் கிளாஸ் வலை ஒவ்வொரு சந்திப்பிலும் அறுந்து கிடக்கிறது. டிரங்க் லிங்க்குக்கு 4, பிரைமரி லிங்க்குக்கு 3 கொடுங்கள். வேகத்தை மட்டும் குறைத்து 2 அல்லது 3 வையுங்கள். அப்போதுதான் நேராகப் போகிற வண்டியை லிங்க்கில் இறக்கி ஏற்றாது. கிளாஸ் வலையைக் கட்டுகிறது, ஸ்பீடு எந்த வழி லாபம் என்று தீர்மானிக்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கொடுப்பதால்தான் பாதிப் பேருடைய ஸ்டைல் கெடுகிறது. ரவுண்டானாவுக்குத் தனி வரி வைத்திருந்தால், அதற்கும் அதில் சேரும் மிகப் பெரிய சாலையின் கிளாஸே வர வேண்டும்.

பேரியர் வரி. சுங்கச்சாவடியும் ஓஎஸ்எம்-இல் பேரியர் டேக்தான், மதிப்பு டோல்பூத். பிஓஐ-களை (வரைபடத்தில் குறித்த இடங்களை) சாலையோடு இணைக்கும் லிங்க்-பாய்ஸ்-டு-வேஸ் விருப்பம் போட்டுக் கட்டியிருந்தால், அந்த நோடை ஒட்டிய சின்னத் துண்டுக்கு உங்கள் தடை அப்படியே இறங்கும். ஒவ்வொரு சுங்கச்சாவடியும் கருவிக்குச் சுவர். தடையை பொல்லார்ட் (தடுப்புக் கம்பம்), பிளாக் (தடுப்புக் கல்) போன்ற மதிப்புகளுக்கு மட்டும் வையுங்கள். கேட் என்றால் அதில் அனுமதி டேக் இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். டோல்பூத்தைத் தொடவே கூடாது.

மூன்றாவது கட்டுமானம். பழைய சாலையை மூடி மேம்பாலம் கட்டும்போது, ஓஎஸ்எம்-இல் முதன்மைச் சாலை அந்த நீளத்துக்குக் கட்டுமானம் என்று மாறிவிடும். வண்டிகள் பக்கத்துச் சர்வீஸ் சாலையில் ஓடும். அதன் டேக் சர்வீஸ் அல்லது அன்கிளாசிஃபைட். ஓஎஸ்ஆர்எம் அதில் இறங்கி ஏறிவிடும், ஆகவே தளத்தில் நேராகத்தான் வரும். உங்கள் ஸ்டைலிலோ அது கிளாஸ் 0. கருவி பார்ப்பது 4, ஒன்றுமில்லை, 4.

இவற்றை ஊகிக்க வேண்டாம், கண்ணால் பார்த்துவிடலாம். ஸ்டைலின் நகல் ஒன்று எடுத்து, கிளாஸ் 3, 4 வரிகளை மட்டும் விட்டு, மற்ற சாலை வரிகளையெல்லாம் நீக்குங்கள். வேறு ஃபேமிலி எண் (வரைபடத்தின் அடையாள எண்), வேறு டைல் எண் கொடுத்து வரைபடம் கட்டி பேஸ்கேம்ப்பில் ஏற்றுங்கள். வெறும் எலும்புக்கூடு மாதிரி இருக்கும். புறப்பாடு, சேருமிடம் இரண்டையும் நாற்கரச் சாலை மேலேயே வைத்து ரூட் கேளுங்கள். எலும்புக்கூட்டில் ரூட் விழுந்தால் பெரும்பாலும் கருவியிலும் விழும். விழவில்லை என்றால் பாதி பாதியாக நெருக்குங்கள், ஓட்டை கண்ணுக்கே தெரியும். பிறகு கிளாஸ் 4 மட்டும் விட்டு இன்னொரு முறை.

6. மேடுபள்ளம்

இவ்வளவு சிரமம் எதற்கு? பிரைமரி, செகண்டரி எல்லாவற்றுக்கும் கிளாஸ் 4 கொடுத்துவிட்டால் வலை அறுந்துபோகவே போகாதே.

7. கணுமுனை

அறுந்துபோகாது, ஆனால் கருவி திணறும். கிளாஸ் பிரித்து வைத்திருப்பதே நடுவில் தேட வேண்டிய சாலைகளின் எண்ணிக்கையைக் குறைக்கத்தான். தமிழ்நாடு முழுக்கச் செகண்டரிவரை 4 ஆக்கினால், 400 கி.மீ. ரூட்டுக்குப் பல மடங்கு சந்திப்புகளைத் தேட வேண்டியிருக்கும். கணக்கு நேரம் ஏறும், பிழையும் திரும்ப வரும், இந்த முறை எந்த இடம் என்று காட்டவும் முடியாது. 4 எவ்வளவு மெலிந்து இருக்கிறதோ அவ்வளவு நல்லது, தொடர்ச்சி மட்டும் விடக்கூடாது. நம் மாநிலத்துக்கு டிரங்க் 4, பிரைமரி 3 என்பதே போதும். மோட்டார்வே மிகக் குறைவாக இருப்பதால், மோட்டார்வேக்கு மட்டும் 4 கொடுத்து டிரங்க்கை 3 ஆக்கும் ஐரோப்பியக் கணக்கு இங்கே பொருந்தாது. ஒன்றோடொன்று ஒட்டாத தீவுகள்தான் கிடைக்கும்.

படகுத் துறை உள்ள பகுதிக்குக் கட்டுபவர்கள் ஒன்று கவனிக்கவும். வண்டி ஏற்றும் படகுப் பாதைக்கும் கிளாஸ் 3 கொடுத்து வேகத்தை 1 வையுங்கள். கிளாஸ் 0 விட்டால் தூர ரூட் அதைக் கண்டுகொள்ளாது.

8. கட்டுமுனையம்

ஸ்டைல் பற்றிச் சொல்லியாகிவிட்டது. கட்டும் முறையிலும் நாலு இடம் பார்க்க வேண்டும்.

கீப்-கோயிங் விருப்பம் போட்டிருக்கிறீர்களா? அது போட்டால், ஒரு டைல் கட்டும்போது பிழை வந்தாலும் எம்கேஜிமேப் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். கடைசியில் வரைபடம் கிடைக்கும், நடுவில் ஒரு டைல் இருக்காது. அதன் வழியே போகும் ரூட் எல்லாம் விழாது. ஸ்ப்ளிட்டர் எழுதும் டெம்ப்ளேட் ஆர்க்ஸ் கோப்பில் எத்தனை டைல் எண் இருக்கிறதோ, அத்தனை இமேஜ் கோப்பு வெளிவந்திருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஒரே கார்மின் வரைபடத்துக்குள் இவ்வளவு தரவுக்கு இடமில்லை, சின்னதாக வெட்டு என்று லாகில் (நிரல் எழுதும் பதிவில்) வந்தால், ஸ்ப்ளிட்டரில் மேக்ஸ்-நோட்ஸ் (ஒரு டைலுக்கு அதிகபட்ச நோடுகள்) குறைக்க வேண்டும். இயல்பு மதிப்பு 16,00,000. சென்னை, பெங்களூரு மாதிரி அடர்ந்த இடம் இருந்தால் 12,00,000 வைத்துப் பாருங்கள். காரணமில்லாமல் அதற்கும் கீழே போகாதீர்கள். டைல் சின்னதானால் ரூட் கடக்க வேண்டிய எல்லைகள் கூடும்.

எல்லையில் என்ன நடக்கிறது: ஒவ்வொரு டைலிலும் நாட் என்ற உட்பகுதி ரூட் கணுக்களை வைத்திருக்கிறது. அதில் டைல் எல்லையில் நிற்கும் கணுக்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு, அவற்றில் கிளாஸ் 0-க்கு மேற்பட்டவைக்கு இன்னொரு பட்டியல். பக்கத்து டைலில் அதே ஆயத்தொலைவில் கணு இருந்தால்தான் சாலை தொடரும். ஆகவே எல்லா டைலும் ஒரே ஸ்ப்ளிட்டர் ஓட்டத்தில் பிறந்திருக்க வேண்டும். கெட்டுப்போன ஒரு டைலை மட்டும் அடுத்த வாரத் தரவில் மறுபடி வெட்டி நுழைத்தால் கோடு ஒட்டியது போல் தெரியும், ரூட் தாண்டாது.

உயரக்கோட்டு வரைபடத்தை எந்த எண்ணில் கட்டினீர்கள்? ஸ்ப்ளிட்டர் டைல்களுக்குத் தானாகக் கொடுக்கும் முதல் எண் 63240001, எம்கேஜிமேப்பின் இயல்பு ஃபேமிலி எண் 6324. இரண்டு வரைபடமும் இயல்பு எண்ணிலேயே இருந்தால் ஒரே எண்ணில் இரண்டு டைல். சாலை டைல் தேடும் கருவிக்கு உயரக்கோட்டு டைல் கிடைக்கும், அதில் சாலையே இல்லை. வரைபடத்துக்கு வரைபடம் ஃபேமிலி எண்ணும் மேப்ஐடியும் (டைல் எண்ணும்) மாற வேண்டும். உயரக்கோட்டு வரைபடத்தை ரூட் விருப்பம் இல்லாமல், டிரான்ஸ்பரன்ட் விருப்பத்தோடு கட்டுங்கள். கார்டில் இருக்கும் கோப்புகளின் எண்களை ஜிமேப்டூல் நிரலில் திறந்து பார்க்கலாம்.

கடைசியாக, ஸ்டைலில் ஒரே சாலைக்குக் கன்டினியூ (அடுத்த விதிகளையும் பார் என்ற கட்டளை) போட்டு இரண்டு வரி வைத்திருந்தால், இரண்டாவதற்கு ரோடு கிளாஸ் கொடுக்காதீர்கள், ரூட்டுக்கு உரிய வகை எண்ணும் கொடுக்காதீர்கள். ஒரே இரண்டு கணுக்களுக்கு நடுவே இரட்டைச் சாலை உண்டாகிவிடும். அலங்காரக் கோட்டுக்கு ஐந்து இலக்க விரிவு வகை எண் கொடுங்கள், அவற்றில் ரூட் ஏறாது. ரூட் சாலை எதுவானாலும் ரெசல்யூஷன் 24 வரை, அதாவது மிகப் பெரிதாக்கிப் பார்க்கும் லெவல் 0 வரை இருந்தாக வேண்டும். 18 முதல் 22 வரை என்று நடுவில் நிறுத்தினால் படத்தில் தெரியும், ரூட்டில் இருக்காது.

9. தடம்77

இமேஜ் எண்ணிக்கை சரியாக இருக்கிறது, கீப்-கோயிங் போடவில்லை. உயரக்கோட்டு வரைபடம் 6324, 63240001-தான். மாற்றிவிட்டேன்.

எலும்புக்கூடு வரைபடத்தில் இரண்டு ஓட்டைகள். ஒன்று கணுமுனை சொன்னபடியே: விழுப்புரம்–திருச்சி நடுவே மேம்பாலப் பணி, தெற்கு நோக்கிய பாதை மட்டும் கட்டுமானம், வடக்கு நோக்கியது முழுசாக இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னை திரும்பக் கேட்டால் அந்த இடத்தில் நிற்காதது அதனால்தான். இரண்டாவது எல்லாச் சுங்கச்சாவடிகளும். லிங்க்-பாய்ஸ்-டு-வேஸ் போட்டுத்தான் கட்டியிருந்தேன்.

தாம்பரம்–விழுப்புரம் வந்ததே, அங்கேயும் சாவடி இருக்கிறதே, அது எப்படி?

10. கணுமுனை

சின்ன ரூட்டில் கருவி கிளாஸ் 0 வரை பார்ப்பதால் சாவடியைச் சர்வீஸ் சாலையிலோ கிராமச் சாலையிலோ சுற்றிக் கடந்திருக்கும். அந்த ரூட்டைப் பெரிதாக்கிச் சாவடி அருகே பாருங்கள், நாற்கரச் சாலையை விட்டு இறங்கியிருக்கும்.

கட்டுமான இடத்துக்காக ஓஎஸ்எம்-இல் சர்வீஸ் சாலையை டிரங்க் என்று மாற்றாதீர்கள். உங்கள் கருவிக்காகப் பொதுத் தரவை வளைப்பது மற்ற எல்லோருக்கும் தீங்கு. ஸ்டைலிலேயே செய்யலாம். அந்தச் சர்வீஸ் துண்டுகளின் வே (ஓஎஸ்எம்-இல் ஒரு கோட்டுத் துண்டு) எண்களைக் குறித்துக்கொண்டு, ஹைவே சர்வீஸ் ஆகவும் ஓஎஸ்எம்ஐடி இன்னதாகவும் இருந்தால் கிளாஸ் 4, ஸ்பீடு 2 என்று லைன்ஸ் கோப்பின் மேற்பகுதியில், பொதுவான சர்வீஸ் வரிக்கு முன்னால் எழுதுங்கள். ஓஎஸ்எம்ஐடி என்பது ஸ்டைலில் அழைக்கக்கூடிய செயல்கூறு. தனியாக நில்லாது, ஹைவே டேக்கோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும். நாற்கரச் சாலையிலிருந்து சர்வீஸ் சாலைக்கு இறங்கும் துண்டையும் ஏறும் துண்டையும் சேர்க்க மறக்க வேண்டாம். பலர் நடுத் துண்டை மட்டும் உயர்த்திவிட்டு இரண்டு நுனியையும் விட்டுவிடுகிறார்கள். பணி முடிந்து டேக் மாறியதும் அந்த வரியை நீக்குங்கள். வே எண்கள் பிரிந்தும் சேர்ந்தும் மாறும், ஒவ்வொரு புதுத் தரவுக்கும் சரிபார்க்க வேண்டும்.

11. மேடுபள்ளம்

இதையொட்டி ஒரு கேள்வி. சென்னையிலிருந்து புனே, தேசிய நெடுஞ்சாலை 48 வழியாக. தெற்கு மண்டலமும் மேற்கு மண்டலமும் தனித்தனியாகக் கட்டி இரண்டையும் கார்டில் போட்டேன். கர்நாடகா–மகாராஷ்டிரா எல்லையில் ரூட் நிற்கிறது. ஃபேமிலி எண் இரண்டுக்கும் வேறுவேறுதான்.

12. கட்டுமுனையம்

வேறுவேறு ஃபேமிலி என்றால் ரூட் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டாது. ஒரே ஃபேமிலி கொடுத்தாலும் தாண்டாது, ஏனென்றால் இரண்டு ஓட்டத்தின் எல்லைக் கணுக்கள் பொருந்தா. ஒரே நாளில் இறக்கிய இரண்டு மண்டலக் கோப்புகளையும் முதலில் ஓஎஸ்எம் கோப்புகளைக் கையாளும் ஆஸ்மியம் நிரலின் மெர்ஜ் கட்டளையில் ஒன்றாக்குங்கள். எல்லையைக் கடக்கும் வேக்கள் இரண்டு கோப்பிலும் இருக்கும், அச்சாக ஒன்றாக இருந்தால் ஒன்றை நீக்கிவிடும். தேதி வேறுபட்டால் ஒரே நோடின் இரண்டு பதிப்பு உள்ளே வந்து குழப்பும். ஒன்றாக்கிய கோப்பை ஸ்ப்ளிட்டருக்கு ஒரே தடவையில் கொடுங்கள்.

வேண்டிய பகுதியை மட்டும் முன்னதாக வெட்டி எடுப்பதாக இருந்தால், ஆஸ்மியம் எக்ஸ்ட்ராக்ட்டில் கம்ப்ளீட்-வேஸ் முறையை (எல்லையைத் தாண்டும் வேக்களையும் முழுதாக எடுப்பது) விடாதீர்கள். இயல்பாகவே அதுதான். ஆஸ்மோசிஸ் என்ற இன்னொரு நிரலில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சாலைகள் எல்லைக்கோட்டில் நறுக்கப்பட்டுவிடும்.

கோப்பு பெரிதாகும். கார்டு ஃபேட்32 கோப்பமைப்பு என்பதால் ஒரே இமேஜ் 4 ஜிபியைத் தொடக்கூடாது. 60சிஎஸ்எக்ஸ் போன்ற பழைய கருவிகளில் டைல் எண்ணிக்கைக்கும் 2025 என்ற வரம்பு உண்டு, உயரக்கோட்டு டைலும் அதில்தான் சேரும்.

13. தடம்77

மாற்றியவை: டிரங்க் லிங்க் 4, பிரைமரி லிங்க் 3, பேரியர் வரி பொல்லார்டுக்கும் பிளாக்குக்கும் மட்டும், மேம்பால இடத்தில் ஐந்து வே எண்களுக்குத் தனி வரி, உயரக்கோட்டுக்குப் புது எண். பழைய ரூட்டுகளை அழித்து, கருவியை அணைத்துப் போட்டேன். சென்னை–மதுரை வந்துவிட்டது, சென்னை–கன்னியாகுமரியும் வந்துவிட்டது. இரண்டும் நாற்கரச் சாலையை விட்டு எங்கும் இறங்கவில்லை.

தாம்பரத்தில் ஒரு தெருவுக்குள்ளிருந்து புறப்பட்டால் மட்டும் ரூட் விழவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து விழுகிறது.

14. கணுமுனை

அது தீவு. குடியிருப்புக்குள் இருக்கும் துண்டுச் சாலை எதனோடும் நோடு பகிராமல் கிடக்கும், அல்லது ஒருவழி டேக் தப்பாகி வெளியே வர வழியில்லாமல் இருக்கும். கருவி உங்களை மிக அருகில் உள்ள சாலையில்தான் ஒட்டவைக்கும், அது தீவாக இருந்தாலும். எம்கேஜிமேப்பில் செக்-ரூட்டிங்-ஐலண்ட்-லென் விருப்பத்துக்கு 500 கொடுங்கள். மொத்தம் 500 மீட்டருக்குக் குறைந்த தீவுகளை ரூட்டிலிருந்து விலக்கிவிடும், படத்தில் இருக்கும். அப்போது கருவி அடுத்த சாலையைப் பிடிக்கும். ஒருவழி முட்டுச்சந்துகளுக்கு ரிப்போர்ட்-டெட்-எண்ட்ஸ் 2 என்று வைத்தால் லாகில் ஒவ்வொன்றும் வரும்.

ஆனால் இதை ஓஎஸ்எம்-இலேயே திருத்துவதுதான் நியாயம். ஓஎஸ்எம் திருத்தும் ஜோசம் நிரலில் அந்தத் தெருவைத் திறந்து சரிபார்ப்பை ஓட்டினால், இணையாத சாலை முனை என்று காட்டும். இடத்தில் உண்மையிலேயே இணைப்பு இருந்தால் நோடை ஒட்டுங்கள். நடுவில் சுவர் இருந்தால் ஒட்டாதீர்கள்.

15. ஓரச்சாலை

வண்டி எந்தப் பக்கம் ஓடுதுன்னு சொல்ற டிரைவ்-ஆன் விருப்பத்துல இடதுன்னு கொடுத்தீங்களா சார்? இங்க கட்டுற எல்லா வரைபடத்துக்கும் அது வேணும்.

அடுத்த தடவை புதுத் தரவுல கட்டும்போது இந்தத் தடவை ஸ்ப்ளிட்டர் எழுதின ஏரியாஸ் லிஸ்ட் கோப்பை ஸ்ப்ளிட்-ஃபைல்னு கொடுத்துடுங்க. டைல் அளவும் இடமும் மாறாது, போன தடவை எந்த டைல்ல எது இருந்துச்சுன்னு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். தரவு ரொம்பக் கூடி ஏதாவது டைல் இடமில்லைன்னு சொன்னா மட்டும் புதுசா வெட்டிக்கலாம். எலும்புக்கூடு ஸ்டைலையும் தூக்கிப் போடாதீங்க, புது வரைபடத்தைக் கார்டுல போடுறதுக்கு முன்னாடி அதுல ஒருதடவை சென்னை–கன்னியாகுமரி, கன்னியாகுமரி–சென்னை ரெண்டு பக்கமும் ஓட்டிப் பார்த்துடுங்க.

16. தடம்77

டிரைவ்-ஆன் விடுபட்டிருந்தது, சேர்த்துவிட்டேன். தெருமுனையில் சுவர் இல்லை, நேரில் போய்ப் பார்த்து நோடை ஒட்டிவிட்டேன். மேம்பால வே எண்கள் ஐந்தையும் லைன்ஸ் கோப்பில் தேதியோடு குறிப்பாக எழுதி வைத்திருக்கிறேன்.